பக்கத்தில் இன்னொருவர் ட்ரோன் ஓட்டும்போது ரேடியோ குறுக்கீட்டைத் தவிர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பேரோ எட்டுப் பேரோ ஒரே மைதானத்தில் எஃப்பிவி ட்ரோன் (அதன் கேமராக் காட்சியைப் பார்த்தே ஓட்டுவது) ஓட்டும்போது வரும் சிக்கல்கள் இங்கே பேசப்படுகின்றன. காகிள் (கண்ணில் மாட்டும் திரை) மாட்டிக்கொண்டு, 5.8 கிகாஹெர்ட்ஸ் வீடியோவைப் பார்த்து ஓட்டுபவர்களுக்கானது இது. கேமரா ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கும் நடுவே ஒரு பகுதி உண்டு.

ஒரு ட்ரோனில் எத்தனை ரேடியோ இருக்கிறது? எது எதைக் கெடுக்கும்?

குறைந்தது இரண்டு. கையிலுள்ள ரிமோட்டிலிருந்து ட்ரோனுக்குப் போகும் கட்டுப்பாட்டு இணைப்பு ஒன்று. இது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், சிலரிடம் 865 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். ட்ரோனிலுள்ள விடிஎக்ஸிலிருந்து (வீடியோ டிரான்ஸ்மிட்டர்) காகிளுக்கு வரும் வீடியோ மற்றொன்று, இது 5.8 கிகாஹெர்ட்ஸ். மேலே ஆக்‌ஷன் கேமரா கட்டியிருந்தால் அதன் வைஃபை மூன்றாவது. ஜிபிஎஸ் எதையும் அனுப்பாது, கேட்க மட்டும் செய்யும்.

கட்டுப்பாட்டு இணைப்பு நொடிக்குப் பல முறை அதிர்வெண் மாற்றித் தாவிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் மோதினாலும் அடுத்த தாவலில் தப்பிவிடும். அனலாக் வீடியோ அப்படியல்ல. பேட்டரி செருகிய கணம் முதல் பிடுங்கும் வரை ஒரே சேனலில் இடைவிடாமல் கத்திக்கொண்டிருக்கும். அதனால் மைதானத்தில் நடக்கும் தகராறில் பெரும்பகுதி வீடியோவைப் பற்றியதுதான்.

நான் பேட்டரி செருகியதும் தன் ட்ரோனை 200 மீட்டர் தள்ளிப் பறக்கவிடும் பக்கத்து ஆளின் படம் போகிறதே, ஏன்? என் விடிஎக்ஸ் வெறும் 25 மில்லிவாட்தானே?

தூரக் கணக்குதான் காரணம். ரேடியோ அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அவருடைய ட்ரோன் அவர் காகிளிலிருந்து 200 மீட்டரில் இருக்கிறது. உங்கள் ட்ரோன் அதே காகிளிலிருந்து 2 மீட்டரில் இருக்கிறது. தூரம் 100 மடங்கு வேறுபட்டால் வலிமை 10,000 மடங்கு வேறுபடும், அதாவது 40 டெசிபெல். அவர் காகிளுக்கு உங்கள் 25 மில்லிவாட், 200 மீட்டரில் நிற்கும் 250 வாட் டிரான்ஸ்மிட்டர் மாதிரி தெரியும்.

ஒரே சேனலாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அனலாக் வீடியோ எஃப்எம் முறையில் போவதால், வலுவான சிக்னல் பலவீனமானதை முழுசாக அமுக்கிவிடும். பறப்பவர் தன் படத்துக்குப் பதிலாக உங்கள் ஷூவைப் பார்ப்பார். வேறு சேனலாக இருந்தாலும் இவ்வளவு அருகில் காகிளின் ரிசீவர் திணறும். பக்கத்துச் சேனலின் ஓரங்கள் கசிந்து உள்ளே வரும்.

ஆகவே சேனல் ஒதுக்கீட்டைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பறக்காத ட்ரோன் எதுவும் பைலட்டுகளுக்குப் பக்கத்தில் பேட்டரியோடு கிடக்கிறதா? கிளப்புகள் அட்டவணை அச்சடித்து ஒட்டுவதில் காட்டும் அக்கறையை இதில் காட்டுவதில்லை.

படம் கெட்டால் அது பக்கத்து ஆளால்தானா, என் ட்ரோனின் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குற்றம் சாட்டும் முன் இந்த அடையாளங்களைப் பாருங்கள்.

த்ராட்டில் (மோட்டார் வேகம்) ஏற ஏறக் கோடுகள் கூடினால் அது உங்கள் மோட்டாரும் ஈஎஸ்சியும் (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை) தரும் மின் இரைச்சல். பேட்டரி லீட் சேரும் இடத்தில் லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கெப்பாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். 4எஸ், 6எஸ் (நான்கு, ஆறு செல் பேட்டரி) ட்ரோன்களுக்கு 35 வோல்ட், 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் வரை வழக்கம். கால்கள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

உங்கள் ட்ரோன் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது மட்டும் படம் சிதறினால் அது மறைப்பு: மரம், கட்டடம், நிற்கும் கார். நீங்கள் முதுகைக் காட்டி நின்றால் உங்கள் உடம்பே மறைக்கும்.

த்ராட்டிலுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் திடீரென்று படம் உருண்டு, குறுக்குக் கோடுகள் ஓடி, நடுவில் வேறொருவரின் காட்சி பேயாகத் தெரிந்தால் அது குறுக்கீடு. உறுதிப்படுத்த எளிய வழி: தரையிறங்கி, உங்கள் பேட்டரியைப் பிடுங்கிவிட்டு, காகிளை அதே சேனலில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் வராமல் வெறும் புள்ளிகளாக இருந்தால் சேனல் சுத்தம். படமோ கருப்புத் திரையோ தெரிந்தால் அங்கே இன்னொருவர் இருக்கிறார்.

கட்டுப்பாட்டு இணைப்புக்கு ஓஎஸ்டியில் (படத்தின் மேல் தெரியும் எண்கள்) இரண்டு எண்களை வைத்துக்கொள்ளுங்கள்: எல்கியூ, அதாவது சரியாக வந்து சேரும் தகவலின் சதவீதம்; ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது சிக்னலின் வலிமை. எல்கியூவும் ஆர்எஸ்எஸ்ஐயும் சேர்ந்து இறங்கினால் தூரம் அல்லது ஆன்டெனா. ஆர்எஸ்எஸ்ஐ நன்றாக இருந்து எல்கியூ மட்டும் விழுந்தால் குறுக்கீடு. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற கட்டுப்பாட்டு இணைப்பு முறையில், 2.4 கிகாஹெர்ட்ஸில் 250 ஹெர்ட்ஸ் வேகத்தின் உணர்திறன் எல்லை மைனஸ் 108 டிபிஎம். ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் 70இல் இருக்கும்போதே எல்கியூ 60க்கு வந்தால் தூரத்தைக் குறை சொல்ல முடியாது.

எந்தச் சேனல்களைப் பங்கிட்டுக்கொள்வது?

ரேஸ்பேண்டு (சுருக்கமாக ஆர்) என்ற சேனல் தொகுப்பின் எட்டுச் சேனல்களும் 37 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன:

ஆர்1 – 5658
ஆர்2 – 5695
ஆர்3 – 5732
ஆர்4 – 5769
ஆர்5 – 5806
ஆர்6 – 5843
ஆர்7 – 5880
ஆர்8 – 5917

ஏ, பி, இ, எஃப் என்ற மற்றப் பேண்டுகளில் இடைவெளி 19, 20 மெகாஹெர்ட்ஸ்தான். அனலாக் வீடியோ ஒன்றே கிட்டத்தட்ட அவ்வளவு அகலத்தைப் பிடிக்கும். அதனால் எஃப்1, எஃப்2 என்று அடுத்தடுத்து இருவர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும்.

பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். எஃப்8உம் ஆர்7உம் இரண்டுமே 5880. எஃப்4 (5800), ஏ4 (5805), ஆர்5 (5806), பி5 (5809) நான்கும் நடைமுறையில் ஒரே இடம். “நான் எஃப் பேண்டு, நீ ஆர் பேண்டு, அப்புறம் என்ன?” என்று தொடங்கிய சண்டைகள் ஏராளம். சேனலைச் சொல்லும்போது அதிர்வெண்ணின் நான்கு இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நல்லது.

இருவர் என்றால் ஆர்1, ஆர்8 போல எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. மூவர் என்றால் ஆர்1, ஆர்3, ஆர்8. நால்வருக்கு ஆர்1, ஆர்3, ஆர்6, ஆர்7. ஐந்து பேருக்குப் பல காலமாகப் புழங்கும் தொகுப்பு ஐஎம்டி5சி: 5658, 5695, 5760, 5800, 5885, அதாவது ஆர்1, ஆர்2, எஃப்2, எஃப்4, இ5. ஆறு பேருக்கு ஐஎம்டி6சி: 5658, 5695, 5760, 5800, 5880, 5917. இவற்றில் சில சேனல்கள் இந்தியாவின் உரிம விலக்குப் பட்டைக்கு வெளியே போகின்றன. அதைப் பின்னால் பார்ப்போம்.

நால்வருக்கு ஆர்1, ஆர்3, ஆர்5, ஆர்7 என்று ஒன்றுவிட்டு ஒன்று வைத்தால் இன்னும் ஒழுங்காக இருக்குமே?

ஒழுங்கு இங்கே எதிரி. இரண்டு வலுவான சிக்னல்கள் ஒரு ரிசீவருக்குள்ளோ, அருகருகே நிற்கும் இரண்டு விடிஎக்ஸ்களின் வெளியீட்டு நிலையிலோ கலக்கும்போது, யாருமே அனுப்பாத புதிய அதிர்வெண்கள் பிறக்கும். இதை இண்டர்மாடுலேஷன், சுருக்கமாக ஐஎம்டி என்பார்கள். அதில் தொல்லை தருவது மூன்றாம் படி விளைபொருள்: ஒன்றை இரண்டால் பெருக்கி மற்றதைக் கழித்தால் வரும் எண்.

ஆர்3ஐ இரட்டித்தால் 11,464. அதிலிருந்து ஆர்1இன் 5658ஐக் கழித்தால் 5806. அது அப்படியே ஆர்5. ஆர்1இலும் ஆர்3இலும் பறப்பவர்கள் சேர்ந்து, தங்களுக்கே தெரியாமல், ஆர்5காரரின் தலையில் இரைச்சலைக் கொட்டுகிறார்கள். சம இடைவெளியில் எதை வைத்தாலும் இதே கதிதான்.

ஆர்1, ஆர்3, ஆர்6, ஆர்7 தொகுப்பில் எந்த இரு சேனல்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியும் இன்னொரு ஜோடியின் இடைவெளிக்குச் சமமாக வராது. பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள்: 5806, 5917, 5954 என்று வருமே தவிர, நால்வரில் ஒருவர் மீதும் விழாது. மிக அருகில் வருவதுகூட 37 மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான். ஐஎம்டி5சி தொகுப்பில் அந்தக் குறைந்தபட்சத் தூரம் 20 மெகாஹெர்ட்ஸ். ஆறு பேர் தொகுப்பில் அது 12க்குச் சுருங்கிவிடுகிறது: 5800ஐ இரட்டித்து 5695ஐக் கழித்தால் 5905, ஆர்8 இருப்பது 5917இல். ஆறு பேர் பறக்கும்போது கடைசிச் சேனலில் இருப்பவர் புலம்பினால் அதில் நியாயம் உண்டு.

எட்டுப் பேர் அனலாக்கில் ஒரே நேரம் பறக்க எண்கள் இடம் தந்தாலும் இந்தக் கணக்கு இடம் தராது. இரண்டு சுற்றாகப் பிரித்துப் பறப்பதே மேல்.

எவ்வளவு திறனில் வைக்க வேண்டும்?

எல்லாரும் 25 மில்லிவாட். ஒருவருக்கும் விலக்கு இல்லை.

800 மில்லிவாட்டுக்குப் போனால் தூரம் கூடுவது உண்மை. 32 மடங்கு திறனுக்குச் சுமார் ஐந்தரை மடங்கு தூரம். ஆனால் அதற்கு மற்றவர்கள் கொடுக்கும் விலை அதைவிடப் பெரிது. எல்லாரும் திறனை 1 டெசிபெல் கூட்டினால், மூன்றாம் படி இண்டர்மாடுலேஷன் 3 டெசிபெல் கூடும். 25லிருந்து 200 மில்லிவாட் என்பது 9 டெசிபெல். இரைச்சல் ஏறுவது 27 டெசிபெல், அதாவது 500 மடங்கு. “அவன் 200இல் வைத்தான், அதனால் நானும் வைத்தேன்” என்று ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் எல்லாருடைய படமும் 25இல் இருந்ததைவிடக் கேவலமாக இருக்கும்.

150 மீட்டருக்குள் வட்டமடிக்கும் ரேஸ் தடத்துக்கு 25 போதும். போதவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது திறனை அல்ல, ஆன்டெனாவை.

ஆன்டெனாவில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் இணைப்பு. எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு வகை இணைப்புகளும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும். ஆனால் நடு ஊசியும் துளையும் இடம் மாறியிருக்கும். ஊசியில்லாத ஆண் இணைப்பைத் துளையுள்ள பெண் இணைப்பில் மாட்டினால், பார்ப்பதற்குக் கச்சிதமாக இருக்கும், உள்ளே தொடாது. பத்து இருபது மீட்டரிலேயே படம் போகும், விடிஎக்ஸ் கொதிக்கும், கொஞ்ச நேரத்தில் செத்தும் போகலாம். சிறிய ட்ரோன்களில் யு.எஃப்எல் இணைப்பு ஒரு மோதலில் கழன்றுவிடும். ஒரு சொட்டு லிக்விட் டேப்போ, சிறிய பிடிப்பானோ போட்டுவையுங்கள்.

அடுத்தது சுழற்சி. வட்ட முனைவாக்க ஆன்டெனாக்கள் வலச்சுழி, இடச்சுழி என இரு வகை. ஆர்எச்சிபி, எல்எச்சிபி என்று எழுதியிருக்கும். உங்கள் ட்ரோனும் காகிளும் ஒரே வகையாக இருக்க வேண்டும். மாற்று வகைச் சிக்னலை ஆன்டெனா 15 முதல் 20 டெசிபெல் வரை தள்ளிவிடும். இதைக் குழுவாகப் பயன்படுத்தலாம்: பக்கத்துப் பக்கத்துச் சேனல்காரர்களில் ஒருவர் வலச்சுழி, மற்றவர் இடச்சுழி. ஆனால் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலையின் சுழற்சி தலைகீழாகிவிடும். அதனால் திறந்த வெளியில் கிடைக்கும் லாபம் கட்டடங்களுக்கு நடுவே கிடைக்காது. ஒரே சேனலை இருவர் பகிர இது ஒருபோதும் போதாது.

பிட் மோடு என்பது என்ன? எப்படி அமைப்பது?

விடிஎக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மிகக் குறைந்த திறனில். சில மீட்டர் தாண்டித் தெரியாது. தரையில் அமைப்புகளை மாற்றவும், தடத்தில் விழுந்த ட்ரோன் மற்றவர்களைக் கெடுக்காமல் இருக்கவும் இது உதவும்.

பீட்டாஃப்ளைட்டில் (ட்ரோனை இயக்கும் மென்பொருள்) இரண்டு வேலை செய்யுங்கள்.

விடிஎக்ஸ் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான விடிஎக்ஸ் டேபிளை (சேனல், திறன் பட்டியல்) ஏற்றுங்கள். தப்பான டேபிள் இருந்தால் ஓஎஸ்டியில் 25 என்று காட்டும், வெளியே 400 போய்க்கொண்டிருக்கும். போர்ட்ஸ் பக்கத்தில் ஸ்மார்ட்ஆடியோ அல்லது ட்ராம்ப் (விடிஎக்ஸுக்குக் கட்டளை அனுப்பும் முறைகள்), எது உங்கள் விடிஎக்ஸுக்குரியதோ அதை, விடிஎக்ஸ் இணைந்திருக்கும் யூஆர்ட் போர்ட்டில் தேர்ந்தெடுங்கள். பிறகு மோட்ஸ் பக்கத்தில் விடிஎக்ஸ் பிட் மோடுக்கு ஒரு சுவிட்ச் கொடுங்கள்.

அடுத்து, லோ பவர் டிஸ்ஆர்ம் என்ற தெரிவை ஆன் செய்யுங்கள். ஆர்ம் செய்யும் (மோட்டாரைச் சுழல விடும்) வரை டேபிளிலுள்ள மிகக் குறைந்த திறனே போகும். விழுந்து டிஸ்ஆர்ம் ஆனாலும் தானாகக் குறையும். “முதல் ஆர்ம் வரை மட்டும்” என்ற நடுவழியும் உண்டு. தனியாகத் தொலைதூரம் போகிறவர்களுக்கு அது பொருந்தும், ஏனென்றால் தொலைவில் விழுந்த ட்ரோனைத் தேடப் படம் வேண்டும். குழுவில் முழு ஆன் போதும்.

சில விடிஎக்ஸ்களில் பிட் மோடு பேட்டரி செருகும் தருணத்தில் மட்டுமே பிடிக்கும். பறந்து முடித்தபின் சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. உங்களுடையது எந்த ரகம் என்று வீட்டிலேயே சோதித்து வையுங்கள்.

இன்னொன்று: மலிவான விடிஎக்ஸ்கள் பேட்டரி செருகிய முதல் நொடியில், அதிர்வெண் நிலைப்படும் முன்பே, கண்ட இடத்திலும் சிதறடிக்கும். சேனல் மாற்றும்போதும் அப்படியே. பிட் மோடு இதிலிருந்து முழுசாகக் காப்பாற்றாது. அடுத்த கேள்விக்கு அதுவே காரணம்.

மைதானத்தில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு என்ன?

பழைய 35, 72 மெகாஹெர்ட்ஸ் மாடல் விமானக் காலத்தில் ஒரு பலகை இருக்கும். சேனல் எண் எழுதிய துணிக்கிளிப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே ரேடியோவை ஆன் செய்யலாம். அதைவிடச் சிறந்த முறையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு அட்டை, ஆறு கிளிப்பு, ஒரு மார்க்கர் பேனா. வாட்ஸ்அப் குழுவில் சேனல் ஒதுக்குவது இதற்கு மாற்றாகாது. காகிள் மாட்டியவர் வாட்ஸ்அப் பார்க்க மாட்டார்.

மற்றபடி வரிசை இது. வந்ததும் பேட்டரி செருகாமல் காகிளை மட்டும் போட்டு எட்டுச் சேனலையும் ஒரு சுற்றுப் பாருங்கள். கிளிப்பை எடுங்கள். மேலே யாராவது பறந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். எல்லாரும் இறங்கியதும் ட்ரோனைத் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுபோய், “ஆர்3, 5732, செருகுறேன்!” என்று சத்தமாகச் சொல்லி, பதில் வந்த பிறகு செருகுங்கள். ஒவ்வொருவராக, தலா சில நொடி இடைவெளி விட்டு. எல்லாரும் செருகிய பிறகு ஒவ்வொருவரும் தன் படத்தைப் பார்த்து “சரி” சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லவில்லை என்றால் யாரும் ஆர்ம் செய்யக்கூடாது. இறங்கியதும் முதல் வேலை பேட்டரியைப் பிடுங்குவது. காகிளைக் கழற்றி அரட்டை அடிப்பது இரண்டாவது.

பறந்துகொண்டிருக்கும்போது சேனல் மாற்றுவது அறவே கூடாது. ரிமோட் மெனுவில் ஆர்2லிருந்து ஆர்6க்குப் படிப்படியாகப் போகும்போது, சில விடிஎக்ஸ்கள் நடுவிலுள்ள ஒவ்வொருவரையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகும்.

பைலட்டுகள் எங்கே உட்கார வேண்டும்?

ஒரே இடத்தில், ஒரே வரிசையில், ஆளுக்கு ஒன்றரை மீட்டர் விட்டு. பலரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் குறுக்கீடு குறையும் என்று நினைக்கிறார்கள், நடப்பது எதிர்மாறு. தடத்தின் மறுமுனையில் ஒருவர் தனியாக உட்கார்ந்தால், மற்றவர்களின் ட்ரோன்கள் அவர் தலைக்கு மேலே போகும், அவருடையதோ தூரத்தில் இருக்கும். எல்லாரும் ஒன்றாக இருந்தால் எல்லா ட்ரோன்களும் எல்லாரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும். சிக்னல்கள் சமபலத்தில் வரும், ரிசீவர் பிரித்துக்கொள்ளும்.

பேட்டரி மாற்றும் மேசை வரிசைக்குப் பின்னால் 20, 30 மீட்டர் தள்ளி. தொடக்கக் கோட்டில் ட்ரோன்களுக்கு நடுவே குறைந்தது ஒன்றரை மீட்டர். நெருக்கி வைத்தால் விடிஎக்ஸ்கள் ஒன்றின் வாயில் ஒன்று கத்தி, அங்கேயே இண்டர்மாடுலேஷனை உண்டாக்கும்.

டிஜிட்டலும் அனலாகும் சேர்ந்து பறக்கலாமா?

பறக்கலாம், திட்டமிட்டால். எச்டிஜீரோ என்ற டிஜிட்டல் வீடியோ முறை ரேஸ்பேண்டு எண்களையே பின்பற்றுகிறது. ட்ரோனிலிருந்து காகிளுக்கு ஒருவழி, அகலம் 27 மெகாஹெர்ட்ஸ். அனலாக் ஆள் ஒருவரைப் போலவே அவருக்குச் சேனல் கொடுத்துவிடலாம்.

டிஜேஐ நிறுவனத்தின் ஓ3 போன்ற டிஜிட்டல் முறைகள் இருவழி. ட்ரோன் மட்டுமன்றி காகிளும் அனுப்புகிறது. அதனால் டிஜேஐ பைலட்டின் பக்கத்தில் அனலாக் காகிள் வைத்திருப்பவர் உட்கார்ந்தால் ட்ரோன் எங்கே இருந்தாலும் தொல்லை உண்டு. டிஜேஐகாரர்களை வரிசையின் ஒரு ஓரத்தில் சேர்த்து உட்கார வையுங்கள். அவர்கள் செய்ய வேண்டிய இரண்டு மாற்றம்: சேனல் முறையை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றுவது, அகலத்தை 40இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைப்பது. 40இல் ஒருவர் இருந்தால் இரண்டு ரேஸ்பேண்டு சேனல்களின் இடத்தை அவரே விழுங்கிவிடுவார். ஆட்டோவில் விட்டால் காலியாகத் தெரியும் இடத்துக்குத் தாவும். அந்த “காலி இடம்” இன்னும் பேட்டரி செருகாத உங்கள் சேனலாக இருக்கலாம்.

கெடும் விதமும் வேறு. அனலாக் படம் கலங்கிக் கலங்கி எச்சரிக்கை தரும். டிஜிட்டல் படம் கட்டங்களாக உடைந்து உறைந்துவிடும். உறைந்த படத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பது மிக ஆபத்து. தாமதத்தையும் பிட்ரேட்டையும் ஓஎஸ்டியில் வைத்துக் கண்காணியுங்கள்.

பக்கத்தில் ஒருவர் மினி, மேவிக் மாதிரி கேமரா ட்ரோன் பறக்க வந்திருக்கிறார். என்ன சொல்வது?

அவருடைய ட்ரோன் 2.4, 5.8 இரண்டிலும் தேடி, வசதியான இடத்துக்குத் தானே மாறும். அவருக்கு எந்தப் பிரச்சினையும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். டிஜேஐ ஃப்ளை செயலியில் டிரான்ஸ்மிஷன் பகுதிக்குப் போய், அதிர்வெண்ணை டூயல் பேண்டிலிருந்து 2.4க்கு மாற்றச் சொல்லுங்கள். 2.4இல் உங்கள் கட்டுப்பாட்டு இணைப்புகள் தாவிக்கொண்டே இருப்பதால் இருதரப்பும் சமாளிக்கும். அன்பாகக் கேட்டால் பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள். இப்படி ஒரு தெரிவு இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் இருந்தால் கட்டுப்பாட்டு இணைப்பில் கவலையே இல்லையா?

2.4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பு 80 இடங்களில் தாவுகிறது. பத்துப் பேர் பறந்தாலும் தாங்கும். கவனிக்க வேண்டியவை சில.

பைண்டிங் ஃப்ரேஸ் (ரிமோட்டையும் ட்ரோனையும் இணைக்கும் ரகசியச் சொல்) ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்க வேண்டும். தாவும் வரிசையே அந்தச் சொல்லிலிருந்துதான் உருவாகிறது. நண்பர் ஒருவர் நாலு பேருக்கும் ஒரே சொல்லில் ஃபர்ம்வேர் ஏற்றிக் கொடுத்திருந்தாலோ, இருவருமே “123456” வைத்திருந்தாலோ, இரண்டு ரிமோட்டும் ஒரே வரிசையில் மோதும். ஃபெயில்சேஃப் (இணைப்பு அறுந்ததும் ட்ரோன் தானாகச் செய்வது) ஆகலாம், அதைவிட மோசமாக, உங்கள் ட்ரோன் இன்னொருவர் சொல் கேட்கலாம். புதிய ஆள் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

டெலிமெட்ரி (ட்ரோன் ரிமோட்டுக்குத் திருப்பி அனுப்பும் தகவல்) விகிதத்தை “ரேஸ்” என்று வையுங்கள். ஆர்ம் செய்ததும் ட்ரோன் பக்கத்திலிருந்து பேச்சு நின்றுவிடும். ரிமோட் திறன் ரேஸ் தடத்துக்கு 25 அல்லது 100 மில்லிவாட் போதும். ஒரு வாட் வைத்துக்கொண்டு பக்கத்து ஆளின் காதருகே கத்த வேண்டாம்.

865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: இந்தியாவுக்கான ஐஎன்866 தெரிவில் தாவ நான்கே இடம் உண்டு. தனியாகத் தொலைதூரம் பறக்கச் சரி, கூட்டத்துக்கு ஆகாது. இடம் போதவில்லை என்று அமெரிக்கத் தெரிவான 915க்கு மாற்றுவது இங்கே தவறு. அது 902 முதல் 928 வரை தாவும்; 890–915 இந்தியாவில் செல்பேசிகள் கோபுரத்துக்கு அனுப்பும் பட்டை. உங்கள் ரிமோட் நெட்வொர்க்கையே கெடுக்கும்.

கோப்ரோ, ஹாட்ஸ்பாட், புளூடூத்?

கோப்ரோவின் வைஃபையை அணைத்துவிட்டுப் பறக்கவிடுங்கள். அது ட்ரோனிலேயே, உங்கள் ரிசீவருக்குச் சில சென்டிமீட்டரில் இருக்கிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் 149 முதல் 165 வரையான வைஃபை சேனல்கள் 5745 முதல் 5825 வரை மையம் கொள்ளும். ஆர்3, ஆர்4, ஆர்5 நேராக அடிபடும். பார்வையாளர்களுக்குப் பாட்டு போடும் புளூடூத் ஸ்பீக்கர் பெரிதாக ஒன்றும் செய்யாது.

பறக்கும்போதே படம் போய்விட்டால்?

அரை நொடிக்கு மேல் போனால் டிஸ்ஆர்ம். ஆள் இல்லாத தடத்தில் விழுந்து ட்ரோனின் ஒரு கை உடைவது, படமில்லாமல் கூட்டத்துக்குள் புகுவதைவிட மலிவு. உயரத்தில் இருந்தால் த்ராட்டிலைக் கூட்டி மேலே ஏற்றுவது சிலருக்குப் பழக்கம். மறைப்பினால் படம் போனால் அது உதவும், குறுக்கீட்டினால் போனால் உதவாது. இரண்டில் எது என்று அந்த நேரத்தில் தெரியாது. விழுந்ததும் “ஆர்3 கீழே!” என்று சொல்லுங்கள். தடம் காலியாகும் வரை எடுக்கப் போகாதீர்கள்.

ஃபெயில்சேஃபைத் தரையிலேயே சோதியுங்கள். ப்ராப்களைக் கழற்றி, ஆர்ம் செய்து, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். குழுவில் இரண்டாம் கட்டச் செயல் “டிராப்” (மோட்டாரை நிறுத்தி விழவிடுவது) ஆக இருக்கட்டும். ஜிபிஎஸ் ரெஸ்கியூ வைத்திருந்தால் ட்ரோன் நேராகப் பைலட் வரிசையை நோக்கித் திரும்பி வரும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பறப்பதற்கு 2021 ட்ரோன் விதிகளும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வான்வெளி வரைபடமும். அலைவரிசைக்கு அது தனிக் கதை. 2018 அக்டோபர் அறிவிக்கை 5150–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளை உரிமமின்றித் திறந்தது; ஆனால் அது வைஃபை போன்ற கம்பியில்லா அணுகல் அமைப்புகளுக்கென்று எழுதப்பட்டது. எப்படிப் பார்த்தாலும் ஆர்7, ஆர்8, இ5 மூன்றும் 5875க்கு மேலே, வெளியே நிற்கின்றன. வெளிநாட்டு ரேஸ் அட்டவணைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள். கருவிகளுக்கு டபிள்யூபிசியின் (மத்திய அரசின் அலைக்கற்றைப் பிரிவு) ஈடிஏ என்ற கருவி ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

5725–5875க்குள்ளேயே நிற்க விரும்பினால் மூவருக்கு எஃப்1, எஃப்3, எஃப்7: 5740, 5780, 5860. குறைந்தபட்ச இடைவெளி 40, இண்டர்மாடுலேஷன் விழுவதும் 40 தள்ளி. நால்வருக்கு 5740, 5760, 5820, 5860 வைக்கலாம். ஆனால் முதல் இருவர் 20 மெகாஹெர்ட்ஸில் இறுக்கமாக இருப்பார்கள். அவர்களுக்கு மாற்றுச் சுழற்சி ஆன்டெனா கொடுங்கள்.

இ4 (5645) எந்த நாட்டிலும் வேண்டாம். 5600–5650 வானிலை ரேடார்கள் பயன்படுத்தும் பகுதி.

உள்ளரங்கில் டைனி வூப் (உள்ளங்கையளவு எஃப்பிவி ட்ரோன்) ஓட்டுகிறோம். இதெல்லாம் அங்கேயும் தேவையா?

சேனல் ஒதுக்கீடும் செருகும் ஒழுங்கும் அப்படியே. தூரம் குறைவு என்பதால் 25 மில்லிவாட்டே அதிகம். விடிஎக்ஸ் அதற்கும் கீழே இறங்குமானால் இறக்குங்கள். சுவர், தகரக் கூரை, இரும்புத் தூண் எல்லாம் அலையைத் திருப்பி அடிப்பதால் படம் கலங்குவதில் பாதி குறுக்கீடே அல்ல, எதிரொலிதான். இரண்டு ஆன்டெனா உள்ள டைவர்சிட்டி ரிசீவர் இதற்கு நன்றாக ஈடுகொடுக்கும். உட்காரும் இடத்தை ஒரு மீட்டர் நகர்த்தினாலே சரியாகிவிடுவதும் உண்டு. மேடைக்குக் கீழே, தகரக் கதவுக்குப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள்.